வால் கனத்த கயாக்

மார்ச் 8, சனி
துடுப்பு வலித்தால் இடது தோளும் சேர்ந்து வலிக்கிறது. கயாக்குக்கு மின்மோட்டார் வாங்கிவிட்டேன்: 12 வோல்ட், 30 பவுண்டு தள்ளுவிசை. கடைக்காரர் 55 பவுண்டைத்தான் நீட்டினார். எதற்கு? என் படகு பத்தடி. மணிக்கு எட்டு கிலோமீட்டரை நெருங்கினாலே, தான் எழுப்பும் அலையில் தானே மாட்டிக்கொள்ளும். மிச்சப் பவுண்டுகள் பேட்டரியைக் குடிப்பதற்குத்தான்.

1934-இல் வட டகோட்டாவின் ஃபார்கோவில் ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்தே இப்படி ஒன்றைச் செய்துவிட்டாராம். எனக்கு ஒரு திருகாணியைக் கழற்றவே அரை மணி நேரம்.

மார்ச் 10, திங்கள்
டெக்சாஸில் வெறும் துடுப்புப் படகுக்குப் பதிவு வேண்டாம்; மோட்டார் மாட்டினால் வேண்டும். பின்புற வலது ஓரத்தில் சேற்றைச் சுரண்டி, படகின் 12 எழுத்து எண்ணைப் படித்தேன். படகு வாங்கிய ரசீதைத்தான் காணோம். இரவு பதினொரு மணிக்குக் கிடைத்தது, குக்கர் வாரண்டியோடு.

மார்ச் 16, ஞாயிறு
ஆஸ்டினின் லேடி பேர்டு ஏரி. பெட்ரோல் எஞ்சினுக்கு இங்கே இடமில்லை; மின்மோட்டார் போகலாம். மோட்டார், பேட்டரி, நான் எல்லாமே பின்பக்கம். "என்னங்க, பின்னால உக்காருது பாருங்க!" என்று கரையிலிருந்து மனைவி கத்தினாள். மூக்கு வானம் பார்த்தது. காற்று அதைப் பிடித்துத் திருப்பியது.

மார்ச் 20, வியாழன்
பேட்டரி முன்னால் போயிற்று. லித்தியம், ஆறு கிலோதான். ஆனால் ஒயர் ஏழடி நீண்டது. மெல்லிய ஒயரையே நீட்டிப் பார்த்தேன். முழு வேகத்தில் தொட்டால் சுட்டது. போகிறது 30 ஆம்பியர் அல்லவா! தடித்த ஒயர் மாற்றினேன். சர்க்கியூட் பிரேக்கரைப் பேட்டரியை ஒட்டியே வைத்தேன். மோட்டார் பக்கம் வைத்தால், நடுவே ஒயர் உரசித் தோலுரிந்து ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும்.

மார்ச் 23, ஞாயிறு
படகு மட்டமாக நின்றது. முழு வேகத்தில் 28 ஆம்பியர், 6.8 கிலோமீட்டர். குறைத்தால் 13 ஆம்பியர், 5.5. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போனது. மின்சாரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். 50 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். மெதுவாகவே போனேன்.

திரும்பும்போது விசிறியில் நீர்க்கொடி சுற்றிக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து பின்னால் கை எட்டவில்லை. கரைவரை துடுப்பு வலித்துத்தான் வந்தேன். இதை எழுதும்போது தோளில் ஒத்தடம்.