யாருடையது?

2021 மே மாத இறுதியில் ஒரு நள்ளிரவு. தில்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து வீட்டு பாபிஜி கதவைத் தட்டினார். "தீதி, அவரைச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது. நீங்கள் கூட வருவீர்களா?"

அவர் கணவருக்கு 44 வயது. கோவிட் தாக்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. வைரஸ் உடம்பைவிட்டுப் போய்விட்டது. போகும்போது நுரையீரலையும் நாசம் செய்துவிட்டுப் போயிருந்தது. தொடை நரம்பிலிருந்து ரத்தத்தை இழுத்து, கரியமில வாயுவை நீக்கி, பிராணவாயுவைச் சேர்த்துக் கழுத்து வழியே திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தில்லியில் முப்பது வருஷம் குடியிருந்தும் எனக்கென்ன உபயோகம் இந்தத் தமிழால் என்று கேலி செய்யும் என் மகன், அன்று என் பெட்டியை எடுத்துவைத்தான்.

சென்னை என்று முடிவானதற்குக் காரணம் இருந்தது. 2020 ஆகஸ்டிலேயே தில்லிக்காரர் ஒருவருக்கு அங்கே இரண்டு நுரையீரலையும் மாற்றியிருந்தார்கள். அமெரிக்காவில் கோவிட் நோயாளிக்கு முதன்முதலாக, 2020 ஜூனில் சிகாகோவில், இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்த அங்கித் பரத் மீரட்டில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். பாபிஜியின் பிறந்த வீடும் மீரட். "எங்கள் ஊர்ப் பையன்" என்று அவர் சொல்லிச் சொல்லித் தைரியம் தேடிக்கொண்டார்.

நுரையீரல் தானாகத் தேறுமா என்று குறைந்தது நான்கு வாரமாவது பார்க்க வேண்டும். மற்ற உறுப்புகள் கெட்டிருக்கக் கூடாது. முடிந்தவரை நோயாளியையே எழுப்பிச் சம்மதம் கேட்க வேண்டும். மருத்துவர் இதையெல்லாம் விளக்கினார். மூன்றாவதுதான் என் வேலையாயிற்று. மயக்க மருந்தைக் குறைத்தார்கள். கவச உடைக்குள் வியர்த்து வழிய, மருத்துவர் தமிழில் சொன்னதை நான் இந்தியில் சொன்னேன். மாற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம். மாற்றினாலும் ஆயுள் முழுக்க மருந்து. மாற்றிக்கொண்டவர்களில் பாதிப்பேர்தான் ஆறேழு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னேன்.

தொண்டையில் குழாய் இருந்ததால் அவருக்குக் குரல் வராது. உதடு மட்டும் அசைந்தது. "கிஸ்கா?"

யாருடையது? அதைச் சொல்ல மாட்டார்கள் என்றேன். வெகுநேரம் கழித்துத் தலையை அசைத்தார்.

பிறகு காத்திருப்பு. தமிழ்நாட்டு நோயாளிகளுக்கே முதலிடம்; அவர்களில் யாருக்கும் பொருந்தாவிட்டால்தான் வெளி மாநிலத்தார். ரத்தப் பிரிவும் மார்புக்கூட்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருடைய நுரையீரல்தான் மாற்ற லாயக்கானது. போதாக்குறைக்குக் கொள்ளைநோய். கொடுத்தவரின் மூக்கில் எடுத்த பரிசோதனை சரியாக இருந்தும், அவர் நுரையீரலுக்குள் ஒளிந்திருந்த வைரஸ் பெற்றுக்கொண்ட பெண்ணைக் கொன்றது அமெரிக்காவில் மிஷிகனில் நடந்தது. அதன் பிறகு நுரையீரலின் உள்ளிருந்தே சளி எடுத்துப் பார்ப்பது கட்டாயமாயிற்று.

ஊரடங்கால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. நாட்டில் 2019இல் 4,49,002 சாலை விபத்துகள், 2020இல் 3,66,138. வேறு யாருக்கும் இது நல்ல செய்தி. ஒரு மாலை, மருத்துவமனை வாசலில் சைரன் ஒலித்தது. பாபிஜி என் கையை இறுகப் பிடித்தார். "தீதி, இந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் எப்படிப்பட்ட ஜன்மம்?" என்ன பதில் சொல்ல? காலையில் செய்தித்தாளில் விபத்துச் செய்தியைத்தான் நானும் முதலில் தேடிக்கொண்டிருந்தேன்.

வேளச்சேரியிலிருந்து என் தம்பி தினமும் ஸ்கூட்டரில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருவான். ஹெல்மெட் வண்டியின் கொக்கியில் தொங்கும். நானும் அம்மாவும் சொல்லிச் சலித்த விஷயம். ஒருநாள் பாபிஜி அதைக் கழற்றி, ஒரு வார்த்தை பேசாமல் அவன் தலையில் மாட்டி, வாரையும் பூட்டிவிட்டார். பிறகு உள்ளே போய் அழுதார்.

17ஆம் நாள் இரவு அழைப்பு வந்தது. எல்லாம் தயார். நேரில் பார்க்கப்போன அறுவை மருத்துவர் நுரையீரலில் திட்டுத்திட்டாக நிமோனியா இருந்ததைக் கண்டு வெறுங்கையோடு திரும்பினார். ஏமாற்றத்தில் பாபிஜி சாப்பிடவில்லை. அந்த இன்னொரு குடும்பம் அன்று சாப்பிட்டிருக்குமா என்று, கொஞ்சம் தாமதமாகத்தான், எங்களுக்குத் தோன்றியது. 29ஆம் நாள் மறுபடி அழைப்பு. இம்முறை பொருந்தியது. உடலைவிட்டு எடுத்தபின் நுரையீரல் தாங்குவது ஆறு மணி நேரம்போலத்தான். விடியும்போது அறுவை மருத்துவர் வெளியே வந்து, "மூச்சு விடுகிறார்" என்றார். என் வாழ்நாளில் நான் செய்த மொழிபெயர்ப்பிலேயே சுலபமானது அது.

அவர் இன்றும் இருக்கிறார். புதிய நுரையீரலை உடம்பு நிராகரிக்காமலிருக்க வேளை தவறாமல் மாத்திரை. அதனாலேயே எதிர்ப்புச் சக்தி குறைவு. சளி பிடித்தால்கூட பயம். தடுப்பூசியும் மற்றவர்களுக்கு வேலை செய்வதுபோல அவருக்குச் செய்யாது. தில்லியின் நவம்பர்ப் புகைக்கு அந்த நுரையீரலைக் கொடுக்க மனமில்லாமல் உத்தராகண்டில் ஒரு மலையூருக்குக் குடிபோய்விட்டார்கள். வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. பக்கத்து வீட்டில் இப்போது வேறு யாரோ.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பாபிஜி போன் செய்கிறார். எனக்கு அப்புறம்தான்; முதலில் என் தம்பிக்கு. சென்னையில் கற்ற நாலு வார்த்தையில் இரண்டைச் செலவழித்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு: "ஹெல்மெட் போட்டீங்களா?"