காது சொல்லும் பொய்

லிஃப்டில் ஏறும்போது கவனித்திருக்கிறீர்களா? கிளம்பும்போது வயிற்றில் ஜிவ்வென்று ஏதோ செய்யும். நிற்கும்போது இன்னொரு முறை. நடுவில் பத்து மாடி கடந்தாலும் ஒன்றும் தெரியாது. நம் உடம்புக்கு வேகம் தெரியாது சார், வேகம் மாறுவதுதான் தெரியும்.

பைலட்டுகளைப் பழக்கும் சிமுலேட்டர்கள் இந்த மாதிரி பலவீனங்களை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகின்றன. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்து ஒரு குட்டி விமானத்தை ஆட்டிக் காட்டினார். முதலில் ஆர்வமாக வாங்கியது பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான்! ராணுவம் 1934-ல் விழித்துக்கொண்டது.

இன்றைய சிமுலேட்டர், ஆறு கால்களில் நிற்கும் ஒரு பெட்டி. கால்கள் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நீளாது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு ரன்வேயில் கிலோமீட்டர் கணக்கில் சீறிப் பாய்கிற உணர்வு வந்தாகவேண்டும். எப்படி? முதலில் முன்பக்கமாக ஒரு சின்னத் தள்ளு. அப்புறம் பெட்டி மெல்ல மெல்ல, காதுக்கே தெரியாமல், பின்பக்கம் சாய்கிறது. திரையில் ரன்வே மட்டும் சமதளமாகவே இருக்கிறது. முதுகை சீட்டோடு அழுத்துவது புவியீர்ப்பு. மூளையோ அதை டேக்-ஆஃப் என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. பன்னிரண்டு டிகிரி சாய்வே போதும். ஈர்ப்பையும் வேகம் கூடுவதையும் பிரித்தறிய முடியாது என்று ஐன்ஸ்டைன் 1907-ல் யோசித்தது, நம் உள்காதுக்கும் பொருந்தும்.

கைதட்டுமுன் மறுபக்கத்தையும் பாருங்கள். சாய்வை வேகம் என்று நம்புகிற காது, வேகம் கூடுவதைச் சாய்வு என்றும் நம்பும். 2000 ஆகஸ்ட் 23 இரவு, பஹ்ரைனில் இறங்க வந்த கல்ஃப் ஏர் ஏர்பஸ், இறங்காமல் மறுபடி மேலெழும்பியது. வெளியே இருட்டு, கீழே கடல். கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. வேகம் கூடக் கூட, விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்குவதாக கேப்டனுக்குத் தோன்றியிருக்கலாம் என்றது விசாரணை. அவர் மூக்கைக் கீழே அழுத்தினார். விமானம் கடலில் விழுந்து 143 பேரும் இறந்துபோனார்கள். எதிரே கருவிகள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. 'உடம்பை நம்பாதே, கருவியைப் பார்' என்று பைலட்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

அடுத்த முறை விமானம் கிளம்பும்போது கண்களை மூடிக்கொண்டு பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். சக்கரம் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஏறியாச்சு என்று காது சத்தியம் பண்ணும்.