பூட்டுக் குறியும் வாயில் சலாமும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது எம் ஊராகிய பள்ளிகொண்டா. எம் அத்தா இங்கிருந்து நாள்தோறும் பேருந்தேறிச் சென்று, தோல் மண்டி ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். மூட்டையின்மேல் மையால் இட்ட குறியைக் கண்ட அளவிலேயே, அது எவருடைய சரக்கு, எங்கே செல்வது என்று சொல்லிவிடுவார். குறிகளைப் படித்தே வாழ்ந்த அப்பெரியவர், முதுமையில் ஒரு குறியை நம்பி ஏமாந்தார். அக்குறியைத் தவறாகக் கற்பித்தவர் யாமே.

2022 ஆம் ஆண்டில் அவர் கையில் ஒரு திறன்பேசியைக் கொடுத்தோம். இணையப் பக்கங்களைத் திறக்கும் குரோம் உலாவியைக் காட்டி, "அத்தா, மேலே முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு தெரிகிறதா? பூட்டு இருந்தால் பயமில்லை" என்றோம். சில திங்கள் கழித்து, வங்கியின் பெயரால் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பை அவர் தொட, வங்கியின் பக்கம் போன்றே ஒன்று திறந்தது. பூட்டும் இருந்தது. அட்டை எண்ணையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் இட்டார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. 1930 என்னும் எண்ணை உடனே அழைத்து முறையிட வேண்டும் என்பதையும் அன்று அறியாதிருந்தோம். அத்தா எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பூட்டு இருந்ததேப்பா" என்று மட்டும் சொன்னார். அச்சொல் எம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

அதன் பின்னரே அப்பூட்டின் பொருளைத் தேடிக் கற்றோம். 1994 இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியில், பாதுகாப்பான இணைப்புக்கு முழுச் சாவியும் மற்றவற்றுக்கு முறிந்த சாவியும் காட்டப்பட்டன. பின்னர்ச் சாவியின் இடத்தில் பூட்டு வந்தது. நம் கருவிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதன்று. இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பு 2015 இறுதியிலிருந்து விலையின்றியே வழங்கி வருகிறது. நல்லவரும் பெறலாம், வஞ்சகரும் பெறலாம். இதனை விளக்கியபோது அத்தா சற்றே சிரித்தார். "தைத்த மூட்டை வழியில் பிரிக்கப்படாமல் வந்தது என்றுதானே அந்தப் பூட்டுச் சொல்கிறது? உள்ளே இருக்கும் தோல் நல்லதா என்று அது சொல்லாதே!" என்றார். எமக்கு விளங்கப் பல நாள் ஆன செய்தி, அவருக்கு ஒரு நொடியில் விளங்கிற்று.

மயங்கியவர் அவர் மட்டுமல்லர். கூகுள் நிறுவனம் 2021 இல் நடத்திய ஆய்வில், பங்கேற்றோருள் 11 விழுக்காட்டினரே பூட்டின் சரியான பொருளை அறிந்திருந்தனர். ஆகவே 2023 செப்டம்பரில் குரோம் உலாவியில் அப்பூட்டை நீக்கி, இரு சிறு கோடுகளும் அவற்றின்மேல் இரு வட்டங்களும் கொண்ட புதுக் குறியை வைத்தனர். அதனை முதலில் கண்ட அத்தா, தம் பேசி பழுதாயிற்றோ என்று அஞ்சினார். "அதைத் தொட்டுப் பாருங்கள், அத்தா" என்றோம். தொட்டதும், அத்தளத்துக்கு அவர் தந்திருந்த அனுமதிகள் தெரிந்தன.

அன்று மாலை முழுவதும் தந்தையும் மகனுமாக அமர்ந்து, உலாவியின் அமைப்புகளுள் "தள அமைப்புகள்" என்னும் பகுதியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒருமுறை மட்டுமே பார்த்த ஒரு செய்திப் பக்கத்துக்கு அவர் இருக்குமிடத்தை அறியும் உரிமை இருந்தது. மற்றொரு தளம் அறிவிப்பு அனுப்பும் உரிமையைப் பெற்றிருந்தது. "உங்கள் பேசியில் வைரஸ்" என்று நாள்தோறும் அவரை அச்சுறுத்திய பொய் எச்சரிக்கைகள் அவ்வழியே வந்தவை. எல்லாம் அவரே அறியாமல் "அனுமதி" என்பதைத் தொட்டுத் தந்தவை. வேண்டாதனவற்றை அவர் கையாலேயே நீக்கச் செய்தோம். படக்கருவியோ ஒலிவாங்கியோ இயங்கும்போது ஆண்ட்ராய்டு 12 முதல் திரையின் மேல்மூலையில் பச்சைக் குறி தோன்றும் என்பதையும் காட்டினோம்.

வாயிலில் நின்று சலாம் கூறி, மறுமொழி கேட்ட பின்னரே வீட்டினுள் நுழைவது எம் தெருவின் வழக்கம். மறுமொழி இல்லையேல் திரும்பிச் செல்வதே பண்பு. "எதற்கு வந்தீர்கள் என்று கேட்காமலே இத்தனை பேரை உள்ளே விட்டிருக்கிறேனே!" என்று அத்தா வியந்தார். அனுமதி கேட்பது வருபவர் கடமை. எதற்கென்று வினவுவது வீட்டுக்காரர் உரிமை. 2023 இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவைத் தருவது எத்துணை எளிதோ, அத்துணை எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்குக் கருவியைத் தருவதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. ஒரு மாலைப் பொழுதேனும் அருகமர்ந்து, குறிகளின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லும் முன் அப்பொருளை நீங்கள் சரியாக அறிந்துள்ளீர்களா என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். யாம் அவ்வாறு வினவத் தவறினோம். அத்தவற்றின் விலையை எம் அத்தா கொடுத்தார். இன்று ஏதேனும் ஒரு தளம் அனுமதி கேட்டால் அவர் விரல் உடனே நகர்வதில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இவனுக்கு இது எதற்கு?" என்று முதலில் கேட்கிறார்.