டீசல் கணக்கு

போலகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஆளைப் பார்த்துப் பதில் சொல்வேன். கோயில் கோயிலாகப் போகிறவர் என்றால், "திருநள்ளாறு தெரியுமில்ல, அங்கிருந்து கொஞ்சம் தெற்கே." தமிழ் படித்தவர் என்றால், காளமேகப் புலவர் கோபித்துக்கொண்டு மண்மாரி பொழியச் சபித்ததாகக் கதை சொல்வார்களே, அந்தத் திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கம். நாகப்பட்டினம், நாகூர்க்காரர்களிடம் வாஞ்சூர் மதுக்கடைகளைச் சொன்னால் போதும், மேற்கொண்டு வழி கேட்க மாட்டார்கள்.

எந்தப் பதிலானாலும் கடைசியில், "ஆனா அது தமிழ்நாடு கிடையாது, புதுச்சேரி" என்று சேர்த்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைத் தஞ்சை மராட்டியரிடமிருந்து வாங்கியதையும், 1954 நவம்பர் 1-இல் விட்டுப் போனதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். மூன்று பக்கமும் தமிழ்நாட்டுக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல், பெண் எடுத்தல் கொடுத்தல் எல்லாம் இருந்தும், எங்களுக்கு வெறும் பஞ்சாயத்து அல்ல, கொம்யூன் பஞ்சாயத்து. இவ்வளவு தெரிந்த நான்தான் அந்த ஊரைக் கடலில் போட்டேன்.

2018 நவம்பர். அப்போது சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தில் இருந்தேன். வரைபடம் போடத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். தெரிந்தவன் என்றால், இரண்டு நாள் பயிலரங்கில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டு வந்தவன். ஊரில் ஒரே ஒருவனிடம் சைக்கிள் இருந்தால் அவன் நடக்கிற நடையே வேறாக இருக்குமல்லவா, அந்த நடை எனக்கும் வந்திருந்தது.

கஜா புயல் 15-ஆம் தேதி இரவு நெருங்கி, நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அன்று இரவெல்லாம் நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது வானிலைத் துறையின் ரேடார் படத்தை. அந்த ரேடார் நிற்பது காரைக்காலில். வட்டத்தின் நடுப்புள்ளியே எங்கள் மாவட்டம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இடமில்லை.

விடிந்ததும், தாலுகா வாரியாகப் பாதிப்பைக் காட்டும் வரைபடம் வேண்டும் என்றார் ஆசிரியர். தமிழ்நாட்டுத் தாலுகா எல்லைகள் அடங்கிய ஷேப்ஃபைல் என் கணினியில் இருந்தது. ஷேப்ஃபைல் என்பது எல்லைக்கோடுகளைக் கட்டி வைத்த மூட்டை, அவ்வளவுதான். அதை விரித்து, செய்தியாளர்கள் போனில் சொன்னதையும் அரசுக் குறிப்புகளையும் வைத்து ஒவ்வொரு தாலுகாவுக்கும் நிறம் கொடுத்தேன். மோசமான இடத்துக்கு அடர்சிவப்பு. அங்கிருந்து படிப்படியாக இறங்கி, பெரிய பாதிப்பில்லாத இடத்துக்கு வெளிர் மஞ்சள். கடலுக்கு நீலம் போட்டால் சிவப்போடு சேர்ந்து சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும் என்று, பின்னணிக்கும் அதே வெளிர் மஞ்சளையே விட்டேன். அழகாக இருந்தது.

மயிலாடுதுறை தனி மாவட்டமாவதற்கு முந்தைய காலம் அது. நாகை மாவட்டம் வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு. நடுவில் காரைக்கால். தமிழ்நாட்டு மூட்டையில் காரைக்கால் எப்படி இருக்கும்? இல்லை. அந்த இடத்தில் வெளிர் மஞ்சள் ஒரு வளைகுடா மாதிரி உள்ளே புகுந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். கண் பார்த்தது, மனசு கடல் என்று எடுத்துக்கொண்டது. 'வங்காள விரிகுடா' என்று எழுத இடம் தேடிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் நெருக்கடி. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் தாராளமாக இடம் இருந்தது. 'வங்காள' என்ற சொல் எங்கள் ஊரை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா போலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். பெரியம்மா எடுக்கவில்லை. டவர் இருந்தால்தானே.

வரைபடம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்று சுற்றியது. நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நண்பர் குழு ஒன்று அதைப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டது. தார்ப்பாய், அரிசி, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, சானிட்டரி நாப்கின் என்று ஒரு வேன் நிறையச் சாமான். எங்கே முதலில் போவது என்று என்னிடமே கேட்டார்கள். "சிவப்பா இருக்கற எடத்துக்குப் போங்க. வெளிறிப்போய் இருக்கறத விட்டுடுங்க, அங்கல்லாம் ஒண்ணுமில்ல." நான்தான் சொன்னேன். நிபுணன் குரலில் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். நண்பன் அலுவலகத்துக்கு வந்து அந்தத் தாளை என் மேசையில் விரித்தான். மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஒரு மூலையில் சாம்பார்க் கறை. வேதாரண்யத்தில் நீலப் பேனாவால் ஒரு டிக். தலைஞாயிறில் இரண்டு. கீழ்வேளூரில் ஒன்று. ஒவ்வொரு டிக்காக விரல் வைத்து அவன் கதை சொல்லிக்கொண்டு வந்தான். தென்னை விழுந்து கிடந்த விதம், ரோட்டை மறித்து நின்ற சனங்கள், ஒரு தார்ப்பாய்க்கு நாலு குடும்பம் கை நீட்டியது. நானும் கேட்டுக்கொண்டே மேலே வந்தேன். நாகூர் தாண்டி, வெளிர் மஞ்சளாக இருந்த இடத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. கணக்கு. டீசல் 1,800. டீ, வடை 140. பஞ்சர் 100. கீழே கோடு போட்டுக் கூட்டல்.

"இது என்னடா?"

"அதுவா, காரைக்கால்ல டீசல் மலிவுல்ல, அங்க ஃபுல் டேங்க் அடிச்சோம். எழுதப் பேப்பர் இல்ல. இதுல எடம் சும்மாதானே இருந்துச்சு."

கூட்டல் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்தேன். எதற்கு என்று தெரியாது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். 2,040. சரியாகத்தான் இருந்தது. 'பஞ்சர்' என்ற சொல்லுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே, என் கணக்குப்படி, பெரியம்மா வீடு.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அதற்குள் அம்மாவுக்கு லைன் கிடைத்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, கூரைதான் போய்விட்டது என்று தெரியும். பெரியம்மாவுடையது கீற்று வீடு. புயல் அன்று பக்கத்து மெத்தை வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருந்திருக்கிறாள். காற்று ஓய்ந்ததும் திரும்பி வந்து பார்த்தால், கூரை இல்லாத சுவரில் பெரியப்பாவின் ஸ்டுடியோ படம் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததாம். புயலுக்குத் தப்பிய படம் அதற்கப்புறம் பெய்த மழைக்குத் தப்பவில்லை. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு. அவருக்கு இருந்ததே அந்த ஒரு படம்தான். ஒரு தார்ப்பாய் கிடைத்திருந்தால் நனைந்திருக்காது.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரோட்டுல வண்டி வண்டியா போச்சு தம்பி. சாமான் ஏத்திக்கிட்டுப் புள்ளைவோ போறானுவோ. தெக்கால நெறைய சேதமாட்டம் இருக்கு, பாவம்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் டீயைக் குடித்தேன். வரைபடத்தைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் புதுச்சேரியின் ஷேப்ஃபைலைத் தேடி இறக்கினேன். திறந்தால் திரை காலி. அப்புறம்தான் உறைத்தது: புதுச்சேரி, காரைக்கால் தவிர மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். நான்கும் ஒரே திரைக்குள் அடங்க வேண்டுமென்றால் எறும்பு கடித்த அளவுக்குத்தான் தெரியும். நெருங்கிப் போய்க் காரைக்காலைப் பிடித்து, கொம்யூன் வாரியான தகவலை அதோடு இணைத்தால், திருமலைராயன்பட்டினம் மறுபடியும் காலி. எல்லைக் கோப்பில் டி.ஆர்.பட்டினம். என் பட்டியலில் திருமலைராயன்பட்டினம். இன்னொரு தாளில் திருமலைராஜன்பட்டினம். ஊர்க்காரனுக்கு மூன்றும் ஒன்று, மென்பொருளுக்கு மூன்றும் வேறு. பெயர் பொருந்தவில்லை என்றால் அது கத்தாது, முறையிடாது. அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடும். அந்த அதிர்ஷ்டமில்லாத ஊரில்தான் போலகமும் சேர்த்தி.

அன்றிலிருந்து தகவல் கிடைக்காத இடத்துக்குச் சாய்கோடுகள் போடுகிறேன். படம் அழுக்காகத் தெரிகிறது, ரப்பர் போட்டு அழித்த மாதிரி இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அழகாக இருக்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் மறுநாள் படம் போட உட்கார்ந்தேன். வடக்கே நிறங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. காரைக்கால் மட்டும் சாய்கோடுகளோடு நின்றது. அதை எடுத்துவிடலாமே, இந்த நேரத்தில் இதற்கெல்லாம் ஆள் தேட முடியுமா என்றார் உடன் வேலை பார்த்தவர். கொம்யூன் அலுவலகத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். அப்புறம் பெரியம்மாவுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இங்க ஒண்ணுமில்லடா. மழைதான். நீ சாப்டியா?"

சாய்கோடுகளை அழித்தேன். அதே வெளிர் மஞ்சளை அங்கே நிரப்பினேன். வங்காள விரிகுடாவை வலப்பக்கம் நன்றாகத் தள்ளி, இடம் போதாததால் எழுத்தைச் சிறிதாக்கி வைத்தேன்.