யாரோ எங்களுக்காகப் போட்டுவைத்த பூட்டு

புது ஃபோன் வாங்கினால் செட்டிங்ஸ் முழுக்கத் திறந்து பார்க்கிற ஆட்கள் எத்தனை பேர்? வந்தது வந்தபடியே கிடக்கும். அதைத்தான் 'டிஃபோல்ட்' என்கிறார்கள்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எதுக்கு என்று நினைக்கலாம். நாங்கள் சேகரிக்கிற வாய்மொழி வரலாறுகளை எழுத்தாக்கி, திருத்தங்களை 'கிட்' மூலம் சேமிக்கிறோம். யார் எந்த வரியை எப்ப மாற்றினது என்பது அதில் பதிவாகும். காணி இழந்த அம்மாக்களின் பெயர்களும் அதில் இருக்கு. கம்பஸ் வைஃபையில் அது சேர்வருக்குப் போகேக்க இடையில் யாரும் வாசிக்கக்கூடாது. வாசிக்கவும் ஏலாது. ஏனெண்டால் அது 'எஸ்எஸ்எச்' வழியாக மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகுது. அந்த வழியைத் தெரிவு செய்தது நாங்கள் இல்லை.

எப்பவும் இப்படி இருக்கவில்லை. 2005இல் கிட் வருவதற்கு முன் பலர் பாவித்தது 'சிவிஎஸ்'. அது தூரத்துக் கணினியோடு பேச முதலில் தேடியது 'ஆர்எஸ்எச்' என்ற பழைய நிரலை. அதில் எல்லாம் திறந்த தபால் அட்டை மாதிரித்தான் போகும். தெரிந்த கணினியின் பெயரில் வந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோன பிறகு, அங்கிருந்த தாத்து யூலொனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். ஆனாலும் சிவிஎஸ் தானாக அதற்கு மாறவில்லை. பாவிக்கிறவர்தான் ஒரு வரி எழுதி மாற்றவேணும்.

மென்பொருளைப் பொதிசெய்து தருகிறவர்களின் வேலை இங்கதான் முக்கியமாகுது. 'ஓப்பன்பிஎஸ்டி'காரர் தங்கட இயங்குதளத்தோடு வரும் சிவிஎஸ்ஸில் எஸ்எஸ்எச்சையே டிஃபோல்ட் ஆக்கினார்கள். இண்டைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற 'ஓப்பன்எஸ்எஸ்எச்'சை 1999இல் வெளியிட்டதும் அவர்கள்தான்.

"தேவையானவர் மாற்றட்டுமே, பழைய ஏற்பாட்டை ஏன் குழப்புவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆர்எஸ்எச் தேவைப்படுகிறவருக்கு அது தேவை என்று தெரியும், மாற்றவும் தெரியும். எஸ்எஸ்எச் தேவைப்படுகிறவருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். கரைச்சலைத் தெரிந்தவரின் தலையில் வைப்பதுதான் சரி. கிட்டின் சொந்தச் சேர்வர் நிரலும் இதே நியாயத்தில்தான் இயங்குது. நீங்கள் அனுமதிக்காத வரை எந்தக் களஞ்சியத்தையும் வெளியே காட்டாது, எழுதவும் விடாது.

ஆனால் நல்ல டிஃபோல்ட்டும் ஓரளவுக்குத்தான் காக்கும். முதல்தரம் இணையும்போது எஸ்எஸ்எச் சேர்வரின் 'கைரேகை'யைக் காட்டி, "நம்பலாமா?" என்று கேட்கும். அதற்கு வழமையாகப் பதில் சொல்லவேண்டியது நாங்கள்தான். எங்கட குழுவில் புதுசாக ஆள் சேர்ந்தால், சேர்வரைப் பார்க்கிற அண்ணாவிடம் கைரேகையைக் கேட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் 'ஓம்' சொல்லுவம். ரெண்டு நிமிசம்தான் செல்லும். எங்களை நம்பிக் கதை சொன்ன அம்மாக்களுக்காக அதைக்கூடச் செய்யாமல் விடேலாது.