லாசரெஸ்குவாக நடித்தவர்

1/ கேஷுவாலிட்டியில வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு படம் இருக்கு. ருமேனியப் படம், 2005ல வந்தது. பேரு 'திரு. லாசரெஸ்குவின் மரணம்'. அதுல லாசரெஸ்குவா நடிச்சவர் யோன் ஃபிஸ்குதியானு. அவரைப் பத்தி கொஞ்சம் பேசலாம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ 1937ல பிறந்தவர். அடிப்படையில நாடக நடிகர். தர்கு முரேஷ்ங்கிற ஊர்ல இருக்கிற தேசிய நாடக அரங்கத்துலதான் பல வருஷம் நடிச்சார். ஒரே அரங்கத்துல ருமேனிய மொழிக்கு ஒரு குழு, ஹங்கேரிய மொழிக்கு ஒரு குழுன்னு இயங்குற ஊர் அது. சினிமாலயும் நடிச்சிருக்கார். ஆனா உலகம் அவரைக் கவனிச்சப்போ வயசு 67.

3/ கதை இதுதான். புக்காரெஸ்ட்ல ஒரு ஃபிளாட். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர், துணைக்கு மூணு பூனை. மகள் கனடாவுல. தலைவலி, வயித்துவலின்னு ஆம்புலன்ஸைக் கூப்பிடுறார். அவர்மேல சாராய வாடை. அந்த வாடைதான் அன்னிக்கு ராத்திரி அவருக்கு எமன்.

4/ முதல் ஆஸ்பத்திரில டாக்டர் குடியைப் பத்தி லெக்சர் எடுக்கிறார். ரெண்டாவதுல ஸ்கேன் எடுக்குறாங்க. மூளையைச் சுத்தி ரத்தக்கட்டு, கல்லீரல்ல கட்டி. ஆனா அன்னிக்குன்னு ஒரு பஸ் விபத்து, தியேட்டர் காலி இல்ல. மூணாவதுல, நினைவு தப்பிக்கிட்டு இருக்கிற மனுஷன்கிட்ட கையெழுத்து கேக்குறாங்க. நாலாவதுலதான் ஆபரேஷனுக்குத் தயார் பண்றாங்க.

5/ 1997ல ருமேனியாவுல நிஜமாவே ஒரு நோயாளியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைக்கழிச்ச சம்பவம்தான் இந்தப் படத்துக்கு மூலம். இயக்குநர் கிறிஸ்டி புயு. கான் விழாவுல 'அன் செர்த்தேன் ரிகார்' பிரிவுல பரிசு வாங்குச்சு.

6/ இப்போ நடிப்புக்கு வர்றேன். நாடக நடிகருக்குக் குரல்தான் சொத்து. கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும். இந்தப் படத்துல அந்தச் சொத்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் கொஞ்சம் கொஞ்சமா இழக்குறார். முதல்ல கோவமா வாதாடுவார். அப்புறம் நாக்கு குழறும். அப்புறம் வார்த்தை தடம் மாறும். கடைசில பேச்சே இல்ல. வீங்குற ரத்தக்கட்டு ஒரு மனுஷனை எப்படித் தின்னும்னு பாடப்புத்தகத்துல படிச்சதை இவர் முகத்துல பார்த்தேன்.

7/ மருத்துவமா ஒரு விஷயம். நாள்பட்டுக் குடிக்கிறவங்களுக்கு மூளை சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிக்கும். லேசா விழுந்தாலே கிழிஞ்சு ரத்தம் கட்டும். அறிகுறி? குழறல், தள்ளாட்டம், குழப்பம். அதாவது போதை மாதிரியே இருக்கும். அதனாலதான் தவறவிடுறோம்.

8/ ஒரு வாக்குமூலம். பயிற்சிக் காலத்துல ஒரு நைட் டியூட்டி. வாடையோட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. "சரக்கு இறங்கட்டும், காலைல பாத்துக்கலாம்"னு சொன்னேன். சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க டார்ச்சை எடுத்துட்டு வந்து, "சார், ஒரு தடவை கண்ணைப் பாருங்க"ன்னாங்க. ஒரு கண்மணி பெருசா இருந்துச்சு. அவர் பிழைச்சார், என்னால இல்ல.

9/ படத்துலயும் அப்படி ஒருத்தங்க உண்டு. ஆம்புலன்ஸ் நர்ஸ் மியோவாரா. லுமினிட்சா கியோர்கியு நடிச்சிருப்பாங்க. டாக்டர்கள் எரிஞ்சு விழுந்தாலும் ராத்திரி முழுக்க அவரை விட்டுட்டுப் போகமாட்டாங்க. அவர் சொல்றதைக் கேட்டுட்டு, பெருங்குடல் புற்றுநோயா இருக்குமோன்னு முதல்ல சந்தேகப்படுறதும் அந்தம்மாதான்.

10/ இங்கதான் எனக்கு நெஞ்சு அடைச்சுது. படம் வந்து ரெண்டே வருஷம். 2007 டிசம்பர் 8ஆம் தேதி ஃபிஸ்குதியானு இறந்துட்டார். வயசு 70. காரணம், பெருங்குடல் புற்றுநோய்.

11/ இன்னொண்ணு. அவர் நடிச்சு வாழ்ந்த அதே தர்கு முரேஷ்லதான் 1990ல ரயெத் அராஃபத்ங்கிற டாக்டர் 'ஸ்முர்ட்'ங்கிற அவசர சிகிச்சை சேவையை ஆரம்பிச்சார். அப்புறம் அது நாடு முழுக்கப் பரவுச்சு. யாரும் வராம செத்துப்போறவரா நடிச்ச கலைஞரும், யாராவது உடனே வரணும்னு போராடின மருத்துவரும் ஒரே ஊர்.

12/ உங்ககிட்ட கேக்குறது ரெண்டே விஷயம். மலத்துல ரத்தம், திடீர்னு மாறின மலப்பழக்கம், காரணமில்லாத ரத்தசோகை, எடை குறையுறது இதெல்லாம் இருந்தா "மூலமா இருக்கும்"னு நீங்களே முடிவு கட்டாதீங்க. 45 தாண்டினவங்க அறிகுறி இல்லாட்டியும் டாக்டர்கிட்ட பரிசோதனை பத்திக் கேளுங்க. ஆரம்பத்துல பிடிச்சா குணப்படுத்தலாம்.

13/ ரெண்டாவது, குடிக்கிறவர் உங்க வீட்டுல இருந்தா, "இன்னிக்கு வழக்கம் போல இல்ல"ன்னு தோணுச்சுன்னா விடாதீங்க. விழுந்தாரா, தலைவலின்னாரா, வாந்தி எடுத்தாரா, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நாங்க எரிச்சல்பட்டா திரும்பச் சொல்லுங்க. வாடைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார்னு எங்களுக்கும் அப்பப்போ யாராவது ஞாபகப்படுத்தணும்.

படம் ரெண்டரை மணி நேரம். முடிஞ்சா பாருங்க. 🙏