உறுமல் தடத்துக்கு, அமைதி ரோட்டுக்கு: இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சைலன்சர் பாடம்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், செம்பரம்பாக்கத்துக்குப் பிறகு சாலையின் முகமே மாறிவிடும். கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீளமான டிரெய்லர்கள், ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஊர்தான் இருங்காட்டுக்கோட்டை.

கார் பிரியர்களுக்கு மட்டும் இது நின்று பார்க்க வேண்டிய ஊர். இங்கே சிப்காட் வளாகத்தில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்துதான் 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்கும் முன்பே, 1990-ல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே ஒரு பந்தயத் தடத்தைத் திறந்துவிட்டது. சுற்றுக்கு சுமார் 3.7 கிலோமீட்டர். அதுவரை சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் இந்தப் பக்கம் இடம் மாறின. பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் இருவரும் இந்தத் தடத்தில் ஓட்டியவர்கள்தான்.

ஒரே ஊரில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வேலைகள். தொழிற்சாலையில் காரின் சத்தத்தைக் குறைக்க இன்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பந்தயத் தடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் கூட்டம் கூடுகிறது. பந்தயம் பார்த்துத் திரும்பும் இளைஞருக்கு, தன் கார் ஊமையாகிவிட்டது போலத் தோன்றுவது இயல்பு. அடுத்த வாரமே ‘சைலன்சரை மாத்திடலாமா?’ என்ற யோசனை வந்துவிடும்.

மாற்றலாம். ஆனால், தினமும் ஆபீஸுக்கும், ஸ்கூலுக்கும், சொந்த ஊருக்கும் போகும் காரில் எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

2021-ல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் காரையே எடுத்துக்கொள்வோம். 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின், 120 பிஎஸ் சக்தி. வழக்கமான ஐ20-யைவிடக் கொஞ்சம் கம்பீரமாக ஒலிக்கும்படி கம்பெனியே அதன் எக்ஸாஸ்ட்டை மாற்றி, பின்னால் இரட்டைக் குழலும் வைத்தது. அந்த ஒலியும் சட்ட வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஓரளவோடு நிறுத்திக்கொண்டது.

இன்ஜினிலிருந்து வரும் புகை முதலில் டர்போவைச் சுழற்றுகிறது. அடுத்து டவுன்பைப் வழியாக கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது. அங்கே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் நச்சு வாயுக்களின் கடுமையைக் குறைக்கின்றன. அதற்குப் பின்னால் வரும் ரெசொனேட்டரும் மஃப்ளரும்தான் சத்தத்தைக் கவனித்துக்கொள்பவை.

கன்வெர்ட்டருக்குப் பிறகு உள்ள பகுதியை மொத்தமாக மாற்றினால் ‘கேட்-பேக்’. கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றினால் ‘ஆக்ஸில்-பேக்’. டர்போ காரில் இவை இரண்டாலும் சக்தி பெரிதாகக் கூடிவிடாது. மாறுவது பெரும்பாலும் ஒலிதான். உண்மையாகவே சக்தி வேண்டும் என்றால் டவுன்பைப்பையும் கன்வெர்ட்டரையும் மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரையும் திருத்த வேண்டும் என்பார்கள். தினசரி ஓடும் கார் அந்தப் பக்கம் போகவே கூடாது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்து ‘செக் இன்ஜின்’ விளக்கை எரியவிடும். புகைப் பரிசோதனையில் சிக்கல் வரும். வாரன்ட்டிக்கும் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, டிராஃபிக்கில் உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவர்தான் அந்த நச்சுப் புகையைச் சுவாசிப்பார்.

வேலூர் போய்வந்தால் தெரியும்

கடை வாசலில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் காட்டும்போது எந்த சைலன்சரும் இனிமையாகத்தான் இருக்கும். சோதனை நெடுஞ்சாலையில்தான். மூன்று சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது, வினாடிக்கு 60 தடவை சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கிறது. இந்தத் தாழ்ந்த அதிர்வு காரின் கேபினுக்குள் மாட்டிக்கொண்டால், ‘ம்ம்ம்…’ என்று ஒரு ரீங்காரம் விடாமல் கேட்கும். சீரான வேகத்தில் போகும்போதுதான் இது அதிகம். பின் சீட்டில் பாட்டியும் தூங்கும் குழந்தையும் இருக்க, வேலூர் போய்வந்தால் அதன் அருமை புரிந்துவிடும்.

எனவே ரெசொனேட்டரை எடுக்கச் சொன்னால் தலையாட்டாதீர்கள். அதே சைலன்சர் பொருத்திய, அதே மாடல் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னால் எந்த ரகம் என்று கேளுங்கள். 304 ரகம் துருவை நன்றாகத் தாங்கும். காந்தம் அதில் சரியாக ஒட்டாது. 409 ரகத்தில் ஒட்டும். குழாய் எவ்வளவு கீழே தொங்குகிறது என்றும் குனிந்து பாருங்கள். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களுக்கு 304, 409 வித்தியாசமெல்லாம் தெரியாது.

பகலில் தூங்கும் ஊர்

பயணிகள் கார் கடந்துபோகும்போது எழுப்பும் சத்தத்துக்கு, பரிசோதனை முறைப்படி 74 டெசிபல் என்று வரம்பு உண்டு. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஒலி, காற்று மாசு விதிகளை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன்படி முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 3 மாதங்களுக்கு லைசென்ஸ் தகுதியும் போய்விடும்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயமும் இந்த வட்டாரத்தில் உண்டு. குடியிருப்புப் பகுதிகளுக்கான ஒலி விதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இரவில்தான் எல்லோரும் தூங்குவார்கள் என்ற கணக்கு அது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் காலை 9 மணிதான் நடுநிசி. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இது போக, சுற்றுக் கிராமங்களில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஒரு கார் உறுமிக்கொண்டு தெருவைக் கடந்தால் போதும். பாதித் தூக்கத்தில் எழுந்தவர் அன்றிரவு மிஷின் முன்னால் நிற்க வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

கம்பெனியே கொடுக்கும் எக்ஸாஸ்ட் மனதுக்குப் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்வதுதான் சிக்கனம். போதவில்லை என்றால், வாங்கும் மஃப்ளர் ஒலி வரம்புக்குள் நிற்கிறதா என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. வால்வு வைத்த சைலன்சர் என்றாலும், திறந்திருக்கும்போதும் அது வரம்பைத் தாண்டக் கூடாது. பழைய பாகங்களை எடைக்குப் போட்டுவிடாமல் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதுதான் ஆசை என்றால், தடத்துக்கான சைலன்சரை அங்கே கொண்டுபோய் மாட்டுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் கழற்றிவிட்டுப் பழையதைப் போடுங்கள். கேட்-பேக் என்றால் சில போல்ட்டுகள், ரப்பர் ஹேங்கர்கள், ஒரு கேஸ்கெட். ஒரு மெக்கானிக் துணையிருந்தால் முடிந்துவிடும் வேலை.

நம் ஊரில் யாரும் அதை எக்ஸாஸ்ட் என்று சொல்வதில்லை. சைலன்சர் என்றுதான் சொல்கிறோம். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.